பிடியரிசிச் சாக்கு: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் சபையில் சுயதொழில் பற்றி நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களும் வட்ஸ்அப் செய்திகளும் ஒரு பை நிறைய. ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. புதிய வாசகர்களுக்காக: நான் திருகோணமலையில் முப்பத்தொரு வருடம் வணிகக் கல்வி படிப்பித்தவள், எங்கள் மெதடிஸ்த சபையில் பத்தொன்பது வருடம் பொருளாளர். வேதத்தைப் பற்றி நான் சொல்வதைச் சபை மகள் ஒருத்தியின் சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கைப் பற்றிச் சொல்வதை ரீச்சரின் சொல்லாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரீச்சர், எங்கள் சபை மண்டபம் வீதியோரம் இருக்கிறது. கிழமையில் ஆறு நாள் பூட்டு. மே முதல் செப்டெம்பர் வரை இந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரர் நடமாட்டம் அதிகம். காலையில் அங்கே பிட்டும் இடியப்பமும் விற்கலாம் என்று ஐந்து பேர் சேர்ந்து கேட்டோம். "ஆலயம் சந்தை இல்லை, இயேசுவே சாட்டை எடுத்தவர்" என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார். முயற்சி செய்கிறவர்களுக்குச் சபையில் இடமே இல்லையா?
– வாலிபர் சங்கச் செயலாளர், உப்புவெளி

தம்பி, அந்தப் பெரியவரோடு கோபிக்க வேண்டாம். ஆலய வளவுக்குள் காசு புழங்கத் தொடங்கினால் என்னவெல்லாம் நடக்கும் என்று கண்டவர்கள்தான் இப்படிப் பயப்படுவார்கள். ஆனால் அந்த வேத பகுதியை இன்னொரு தடவை அவரோடு சேர்ந்து வாசியுங்கள். இயேசு கவிழ்த்தது எவற்றை? காசு மாற்றுகிறவர்களின் மேசைகளையும் புறா விற்கிறவர்களின் ஆசனங்களையும். ஆட்டுக்குட்டி வாங்க வசதி இல்லாத ஏழைகளின் காணிக்கை புறா. மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோன நாளில் லூக்கா குறிப்பிடுகிற காணிக்கையும் அந்தப் புறாதான். ஜெபிக்க வந்த ஏழையின் மடியில் கைவைத்த வியாபாரத்தைத்தான் அவர் துரத்தினார் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். உங்கள் பிட்டுக் கடையால் ஆராதனைக்கு வருகிற எவராவது தள்ளி நிற்க வேண்டி வருமா? அதைத்தான் நீங்கள் ஐந்து பேரும் முதலில் யோசிக்க வேண்டும்.

இனி எங்கள் சபையில் நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

பிடியரிசி என்று எங்களிடம் ஒரு வழக்கம்: சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்து வேறு டின்னில் போட்டு, மாதக் கடைசி ஞாயிறு கொண்டுவந்து ஆலய வாசலில் இருக்கிற சாக்கில் கொட்டுவோம். அந்தச் சாக்குக்குள் கை விட்டவர்களுக்குத் தெரியும்: சம்பா, நாடு, கீரி சம்பா, சிவப்புப் பச்சை எல்லாம் ஒன்றாய்க் கிடக்கும். ஒன்று வேகும் முன் மற்றது குழைந்துவிடும். சோறாக்க யாரும் வாங்க மாட்டார்கள். ஏலத்தில் போடுவோம், கோழி வளர்க்கிற ஒருவர் மலிவு விலைக்கு எடுத்துப் போவார். நான்தான் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுப்பேன். இல்லாத வீடுகளிலிருந்து பிடி பிடியாய் வந்த அரிசி கோழிக்குப் போகிறதே என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

2010 இல் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து நான் காணிக்கை எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் வந்து நின்றார். கணவர் இல்லை. சுனாமியில் வீடும் தையல் மெசினும் போனது. கூட்டங்களில் வாய் திறக்காதவர். "ரீச்சர், அந்த அரிசியை எனக்குத் தாறீங்களா? கோழிக்காரர் தாற காசை நானும் தாறன். வறுத்து மாவாக்கினா எல்லா அரிசியும் ஒண்டுதான். சத்துமா செய்யப் போறன்."

ஏலம் என்றால் ஏலம்தான், ஆளுக்கொரு விதி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் போகவில்லை. சேலைத் தலைப்புக்குள் ஒரு ஜாம் போத்தல் வைத்திருந்தார். மூடியைத் திறந்து மேசையில் வைத்தார். வறுத்த பயற்றின் மணம் காணிக்கைக் காசுக்கு மேலால் வந்தது. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்து உருட்டிய இரண்டு உருண்டையும் ஒரு கடதாசியில் இருந்தது. ஒன்றை எனக்குத் தந்தார். மற்றதைச் சபைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

கூட்டம் சம்மதித்தது. அரிசியோடு ஐயாயிரம் ரூபா முன்பணமும் கொடுத்தோம், பயறு, உளுந்து, கடலை, சோயா வாங்க. ஆலய வளவில் பாய் விரித்துக் கழுவிய அரிசியைக் காயப்போடுவார். எங்கள் நகரத்து மான்கள் மதிலுக்குள் வந்து பாயில் வாய் வைக்கும் என்பதால் ஒரு தடியோடு வேப்பமரத்தடியில் காவல் இருப்பார். வறுக்கிறதை ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எல்லாவற்றையும் ஒன்றாய்க் கொட்ட மாட்டார். உளுந்து கெதியில் கருகும், கடலைக்கு நேரம் வேண்டும், அரிசி பொரிந்து வெடிக்கத் தொடங்கும்போது இறக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே தாச்சியில். மில்லில் அரைத்த மாவைப் பேப்பரில் பரப்பி ஆறவிட்ட பிறகே பக்கெட் கட்டுவார். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துவிடும்.

அப்படியிருந்தும் முதல் வருடம் கார்த்திகை மழையில் பன்னிரண்டு கிலோ மாவில் பூஞ்சணம் பிடித்தது. யாருக்கும் தெரியாமல் கொட்டியிருக்கலாம். அடுத்த கூட்டத்தில் எழும்பினார், அங்கே அவர் பேசியது அதுதான் முதல் தடவை: "பன்னிரண்டு கிலோ பழுதாப் போச்சு. நட்டம் என்ர. இனி மாரிக்குள்ள அரைக்க மாட்டன், ஐப்பசிக்கு முதலே முடிச்சிடுவன்." முயற்சியாளர் என்பவர் இடர் ஏற்பவர் என்று எத்தனை வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அந்த வரி எழுந்து நின்று பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த வருடம் வேறு நான்கு பெண்களைச் சேர்த்தார். வறுக்கும் பதத்தை ஒளிக்காமல் பழக்கினார். பழகியதும் தாச்சியை அவர்கள் கையில் விட்டுவிட்டு, பாலர் பாடசாலை வாசல்களில் நின்று விற்கப் போனார். எங்கள் சபையில் அவருக்கு எந்தப் பதவியும் இருக்கவில்லை. ஆனால் தலைமைத்துவம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் அவர் முகம்தான் வரும். எல்லாரும் கடந்துபோன சாக்கில் என்ன இருக்கிறது என்று கண்டார், நட்டத்தைத் தன் தலையில் போட்டார், தொழிலைத் தனக்கென்று பூட்டி வைக்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். "அனுமதி தாருங்கள்" என்று மட்டும் கேட்டுப் போகாதீர்கள். ஒரு சீசனுக்கு மட்டும் என்று எழுதுங்கள். மண்டபத்துக்கு மாத வாடகை இவ்வளவு, ஞாயிறும் மரண வீட்டு நாட்களும் பூட்டு, நட்டம் வந்தால் எங்கள் ஐந்து பேருடையது என்று எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே போய்க் கூப்பிட்டுக் காட்டுங்கள். அப்புறம், முதல் நாள் முதல் பிட்டை அந்தப் பெரியவருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். மனதாரச் சொல்கிறேன்.

எங்கள் போதகர் மிகவும் கெட்டிக்காரர். மூன்று வருடத்தில் கணினி வகுப்பு, பாலர் பாடசாலை, ஒரு கடை எல்லாம் தொடங்கிவிட்டார். ஆனால் வங்கிக் கணக்கு முழுக்க அவர் பெயரில். இப்போது சபையாரிடம் "வைப்புத் தாருங்கள், வட்டி தருகிறோம்" என்றும் கேட்கிறார். கேள்வி கேட்டால் விசுவாசம் இல்லாதவர்கள் என்கிறார்கள்.
– பெயர் வேண்டாம்

கேளுங்கள். மரியாதையோடு, அவருடைய வீட்டுக்குப் போய், இரண்டு பேராக. ஆனால் கேளுங்கள்.

வைப்பு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சட்டம். 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி, உரிமம் இல்லாமல் பொதுமக்களிடம் வைப்பு எடுத்துத் தொழில் நடத்த முடியாது. நல்ல நோக்கம், ஜெபம், ஊழியம் எதுவும் அதற்கு விலக்கு இல்லை. அந்தக் காசை இன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மற்றது, ஒருவர் பெயரில் எல்லாம் இருப்பது. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். நம் நாட்டு மெதடிஸ்த சபையின் தொடக்கக் கதையைப் பாருங்கள். இலங்கைக்கு ஊழியரை அனுப்ப வேண்டும் என்று வயதான காலத்தில் அடம்பிடித்து, தன் சொந்தப் பணத்தைப் போட முன்வந்து, 1813 டிசம்பர் கடைசியில் கப்பல் ஏறினார் தோமஸ் கோக், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியோடு ஊழியம் செய்தவர். முயற்சியாளர் என்றால் அவர் முயற்சியாளர். 1814 மே 3 ஆம் திகதி காலை அவர் தன் அறையில் இறந்து கிடந்தார். இந்து சமுத்திரத்திலேயே உடலை இறக்கினார்கள். கூட வந்த இளம் ஊழியர்களுக்குக் காசு எங்கே, யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை, பண ஏற்பாடு எல்லாம் அவரோடு இருந்தது. பம்பாயில் ஒரு வணிகர் நம்பிக் கடன் கொடுத்ததால்தான் அவர்கள் யூன் கடைசியில் காலி வந்து சேர்ந்தார்கள். முகம் தெரியாத அந்த வணிகர் மறுத்திருந்தால்? கோக்கின் விசுவாசத்தில் எந்தக் குறையும் இல்லை. ஒரே கையில் எல்லாம் இருந்தது, அந்தக் கை ஓய்ந்துவிட்டது.

எங்கள் ஆலயப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், மற்றது உக்கிராணக்காரரிடம், அதாவது சபையின் பொருளுக்குப் பொறுப்பானவரிடம். ஒரு சனிக்கிழமை இரவு, மரணச் செலவுக்கு அவசரமாகக் காசு வேண்டியிருந்தது, அவரோ மட்டக்களப்பில். என் கையிலிருந்து கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை இருவருமாகத் திறந்து எடுத்தோம். "ரீச்சரை நம்பாமலா இரண்டு பூட்டு?" என்று ஒருவர் எனக்காகக் கவலைப்பட்டார். என்னைக் காப்பாற்றியதே அந்த இரண்டாவது பூட்டு என்று அவருக்குச் சொன்னேன். எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிவு செய்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார், கர்த்தருக்கு முன்பாக மட்டுமில்லை, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க வேண்டும் என்பதற்காக. இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தை உங்கள் போதகர் ஐயாவோடு சேர்ந்து வாசியுங்கள்.

பவுல் கூடாரம் செய்து பிழைத்தாரே. நம் போதகர்களும் தொழில் செய்து, சபையின் சம்பளத்தை விட்டுவிட்டால் நல்லதுதானே?
– லிங்கநகர் வாசகர்

பாதி வாசித்திருக்கிறீர்கள். கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரம் செய்தார், உண்மை. அதே அதிகாரத்தில் சீலாவும் தீமோத்தேயுவும் மக்கெதோனியாவிலிருந்து வந்ததும் முழுமூச்சாய்ப் பிரசங்கத்தில் இறங்கினார். தன் குறைவை மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர் நிறைவாக்கினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். தொழில் செய்கிற போதகரை நான் மதிக்கிறேன். சம்பளம் மிச்சம் என்று கணக்குப் போட்டு ஒருவரைத் தொழிலுக்குத் தள்ளுகிற சபையை மதிக்க மாட்டேன்.

வாரக் கடன்காரர் செவ்வாய்க்கிழமை தோறும் வாசலில் வந்து இருக்கிறார்கள். ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்து இப்போது எனக்கு மூன்று கடன். எங்களைப் போன்றவர்களுக்குச் சபை ஒரு கடன் நிதி தொடங்கக் கூடாதா?
– ஒரு சகோதரி, மூதூர்

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். அந்த மூன்று கடன்களின் கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு, நம்பக்கூடிய ஒருவரோடு உட்கார்ந்து மீதியை எழுதுங்கள். நாலாவது கடன் எடுக்க வேண்டாம், அது சபையிலிருந்து வந்தாலும்.

உங்கள் சபையாருக்கு நான் சொல்வது இது. 1746 இல் ஜோன் வெஸ்லி லண்டனில் வசதியுள்ளவர்களிடம் கேட்டு முப்பது பவுணுக்கும் குறைவாகச் சேர்த்தார், பிறகு சிலர் அதை ஐம்பதாக்கினார்கள். சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு இருபது ஷில்லிங் வரை கொடுத்து, மூன்று மாதத்துக்குள் திருப்பச் சொன்னார். ஒரே வருடத்தில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் பயன்பட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். பொருளாளராக எனக்கு இதில் பிடித்தது அந்த மூன்று மாதம். சின்னத் தொகை, குறுகிய தவணை, அதே காசு திரும்பத் திரும்பச் சுற்றும்.

ஆனால் காசு மட்டும் போதாது. பிரிஸ்டலில் கட்டிய ஆலயத்தின் கடனை அடைக்க 1742 இல் ஒரு யோசனை வந்தது: ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி. ஏழைகள் எப்படிக் கொடுப்பார்கள் என்று ஒருவர் கேட்டார். ஒரு கப்பல் தலைவர் எழும்பி, "மிக ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், கிழமைக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன், முடியாதவர்களுக்கு நான் போடுகிறேன்" என்ற மாதிரிச் சொன்னாராம். காசு வாங்கப் போனவர்கள் வீட்டு நிலைமையைக் கண்டார்கள். யார் நோயில், யார் குடியில், யார் மனம் உடைந்து என்று தெரியவந்தது. ஒரு தலைவரின் கீழ் சிறு குழுவாகக் கூடுகிற நம் வகுப்புக் கூட்டம் வளர்ந்த இடம் அது. கடன்காரரும் கிழமைக்கு ஒரு தடவைதான் வருகிறார், வகுப்புத் தலைவரும் கிழமைக்கு ஒரு தடவைதான் வந்தார். தங்கச்சிக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

2019 இல் நாங்கள் எட்டுப் பெண்களுக்குப் பத்தாயிரம் ரூபா வீதம் கொடுத்தோம். வட்டி இல்லை. சபையாரின் அன்பளிப்பிலிருந்து எடுத்த காசு, யாருடைய வைப்பும் இல்லை. ஒருவர் இரண்டாம் மாதம் கட்டவில்லை. நானும் இன்னொருவரும் போனோம். கணவரின் வள்ள எஞ்சின் பழுதாகி, முற்றத்தில் சாக்கு விரித்துக் கழற்றி வைத்திருந்தார். அன்றைக்கு நாங்கள் காசு கேட்கவில்லை. எஞ்சின் திருத்தத் தெரிந்த சபை ஆள் ஒருவரை அடுத்த நாள் அனுப்பினோம். ஆறாம் மாதம் முழுவதும் வந்து சேர்ந்தது.

சபை நேரடியாகத் தொழிற்சாலை நடத்திய வரலாறு உண்டா? எங்கள் சபையில் இந்தப் பேச்சு இருக்கிறது.
– மத்திய வீதி வாசகர்

பழைய ஓட்டு வீடுகளில் கள்ளிக்கோட்டை ஓடு என்று ஒன்று சொல்வோமே, அந்த ஓட்டுத் தொழிலில் பெரிய பெயர் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷனுக்கு உண்டு. 1865 இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். நெசவாலைகளும் நடத்தினார்கள். விசுவாசத்துக்கு வந்ததால் சாதி சனம் ஒதுக்கி, பிழைப்பை இழந்தவர்களுக்கு வேலை வேண்டும் என்பதுதான் தொடக்கம். ஓடு நல்ல ஓடு, நோக்கமும் நல்லது. ஆனால் சம்பளம் கொடுக்கிறவரும் மேய்ப்பரும் ஒருவராகிவிட்டால், வேலைக்காரர் எப்படி மனம் திறந்து பேசுவார்? முதலாம் உலகப் போர் வந்ததும் எதிரி நாட்டுச் சொத்து என்று பிரித்தானிய அரசு தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டது. ஆகவே என் அபிப்பிராயம்: சபை முதலாளியாக வேண்டாம். தொழில் தொடங்குகிற ஆட்களுக்கு இடமும் முன்பணமும் கணக்குப் பழக்கமும் கொடுக்கட்டும். தொழில் அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும். லீதியாள் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த துணி விற்றாள், பிலிப்பியில் சபைக்கு வீட்டைத் திறந்தாள். இரத்தாம்பர வியாபாரம் சபையினுடையது என்று எங்கும் எழுதப்படவில்லை.

ரீச்சர், அம்மா சத்துமா செய்து விற்கத் தொடங்கப் போகிறா. பக்கெட்டுக்கு என்ன விலை போடுவது என்று தெரியவில்லை. கடையில் இருக்கிற விலையையே போடட்டுமா?
– பாடசாலை மாணவி, பாலையூற்று

பிள்ளை, கடை விலையைப் பார்க்கலாம், ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம். ஒரு கொப்பியில் எழுதுங்கள்: அரிசி, பயறு, உளுந்து, கடலை என்ன விலை, விறகு அல்லது காஸ், மில் கூலி, பக்கெட், லேபிள், சந்தைக்குப் போய்வருகிற பஸ் காசு. அப்புறம் அம்மா வறுக்கிற மணித்தியாலங்கள். நம் பெண்கள் எல்லாரும் விடுகிற வரி அதுதான். "நான்தானே செய்யிறன், அதுக்கென்ன காசு" என்று அம்மா சொல்லுவா. அவ அடுப்படியில் நிற்காமல் வேறொருவரை வைத்தால் நாள் கூலி எவ்வளவு? அதை எழுதுங்கள். எல்லாவற்றையும் கூட்டி, வந்த பக்கெட்டுகளால் பிரித்தால் ஒரு பக்கெட்டின் அடக்கம். அதற்கு மேல் கொஞ்சம் வையுங்கள், பழுதாகிற பக்கெட்டையும் அதுதான் தாங்க வேண்டும். லேபிளில் தயாரித்த திகதி, காலாவதித் திகதி, நிறை, விலை, சேர்ந்த பொருட்கள் எல்லாம் இருக்க வேண்டும்.

முதல் முறை ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். மாரி மழை தொடங்க முதல் அரைத்து முடிக்கச் சொல்லுங்கள். கொப்பியின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், கூட்டல் சரியா என்று பார்த்துத் தருகிறேன்.